காணாத யானையைக் கணக்கிடுதல்

கண்ணால் காண முடியாததைக் கருவி கொண்டு அறிவது கோலார் தங்கவயல் வட்டாரத்துக்குப் புதிதன்று. 1965-ஆம் ஆண்டில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தரைமட்டத்துக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே அமைக்கப்பட்ட கருவிகள், வாயுமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடயத்தைப் பதிவு செய்தன. தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுவிட்டன. இன்று அதே வட்டாரத்தில் கருவிகளின் துணையை நாடி நிற்பது வேறொரு பிரச்சினை. அது யானைகளைப் பற்றியது.

பங்காருபேட்டையை அடுத்த காமசமுத்திரப் பகுதி, கர்நாடகம், தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகளுக்கு அண்மையில் உள்ளது. 1980-களில் ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து புறப்பட்ட யானைகள் சித்தூர் ஜில்லாவரை சென்று தங்கலாயின. அவற்றைக் காக்கும் பொருட்டு 1990-இல் அங்கே கௌண்டின்யா சரணாலயம் ஏற்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக் காடுகளிலிருந்து வரும் யானைகள் காமசமுத்திரப் பகுதியில் புகுந்து பயிர்களை மேய்கின்றன. விளைச்சல் அழிகிறது; மனித உயிர்களும் போயிருக்கின்றன. திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலிகளால் யானைகளும் மடிவதுண்டு.

இந்நிலையில் காட்டிலாகாவின் களப்பணியாளர் முன் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. யானைகள் எத்தனை? இந்த நேரத்தில் அவை எங்கே? இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள். இவற்றுக்கு விடை தரும் முறைகளும் வெவ்வேறானவை. இவ்வேற்றுமையை உணராவிடில், விலை உயர்ந்த கருவியும் பயனற்றதாகிவிடும்.

எத்தனை என்னும் கேள்வி

காட்டுப் பாதையோரத்து மரத்தில் கட்டி வைக்கப்படும் தானியங்கிக் காமிராவில் வெப்பத்தை உணரும் உறுப்பு ஒன்று உண்டு. சுற்றுப்புறத்தினும் வேறுபட்ட வெப்பமுள்ள உடல் எதிரே அசைந்தவுடன் காமிரா தானே படமெடுத்து, தேதியையும் நேரத்தையும் பதிந்து கொள்கிறது. இரவில் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி அதற்கு உதவுகிறது.

ஆனால் நூறு படங்கள் என்றால் நூறு விலங்குகள் அல்ல. ஒரே விலங்கு பலமுறை படத்தில் விழலாம். சில விலங்குகள் ஒரு முறையேனும் விழாமல் போகலாம். 2018-ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 26,838 இடங்களில் காமிராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் சுமார் 3 கோடியே 48 லட்சம். அவற்றுள் புலிப் படங்கள் 76,651. அவற்றிலிருந்து பிரித்தறியப்பட்ட தனிப் புலிகள் 2,461 மட்டுமே. நாட்டின் மொத்தப் புலிகள் 2,967 என்று மதிப்பிடப்பட்டது. படத்தில் விழாத புலிகளுக்கும் இம்மதிப்பில் இடமுண்டு. அது எவ்வாறு?

ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஒரு பானையில் எண்ணப்படாத புளியங்கொட்டைகளைப் போடுக. அவற்றுள் 40-ஐ எடுத்துச் சுண்ணாம்பால் குறியிட்டு, உலர்ந்தபின் மீண்டும் பானையிலிட்டு நன்றாகக் குலுக்குக. பிறகு பாராமல் 50 கொட்டைகளை எடுக்கவேண்டும். அவற்றுள் 10 குறியுள்ளவை என்று கொள்வோம். எடுத்தவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறி இருக்கிறது. ஆகவே முன்பு குறியிட்ட 40-உம் மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருக்கவேண்டும், மொத்தம் 200. இறுதியில் எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு முறையும் விடை சற்று மாறுவதையும் மாணவர் காண்பர். மதிப்பீடு என்பதன் தன்மை அதுவே.

புலிக்கு நாம் குறியிட வேண்டியதில்லை. இயற்கை இட்ட வரிகளே குறியாகின்றன. இரு பக்கத்து வரிகளும் வேறுபடுவதால் பாதையின் இருபுறமும் காமிராக்கள் வைக்கப்படுகின்றன. 1990-களில் நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் இம்முறையைப் புலிகளுக்குக் கையாண்டார். யானைக்கு வரிகள் இல்லை. காது மடலின் கிழிசல், தந்தத்தின் வளைவு, வாலின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு அதனை இனங்காண வேண்டும்.

எல்லைக் காடுகளில் மற்றோர் இடையூறும் உண்டு. இன்று ஒரு மாநிலத்தில் எண்ணப்பட்ட கூட்டம் நாளை அடுத்த மாநிலத்திலும் எண்ணப்படக்கூடும். இதைத் தவிர்க்கவே 2023 மே மாதத்தில் தென்மாநிலங்கள் ஒரே நாட்களில் கணக்கெடுத்தன. அப்பொழுது கர்நாடகத்தில் 6,395 யானைகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது.

எங்கே என்னும் கேள்வி

மொத்தத் தொகை எத்துணைச் சரியாக இருப்பினும், இன்றிரவு வயலுக்குக் காவல் செல்லும் உழவருக்கு அது உதவாது. அவருக்கு வேண்டுவது யானை நிற்கும் இடம். இதற்குக் கழுத்துப் பட்டைகள் பயன்படுகின்றன. பட்டையிலுள்ள கருவி செயற்கைக் கோள்களின் உதவியால் தன் இருப்பிடத்தைக் கணித்து, குறித்த நேரங்களில் செய்தி அனுப்புகிறது. யானைக் கூட்டத்தை மூத்த பெண்யானையே நடத்திச் செல்வதால், அதற்கு ஒரு பட்டை பூட்டினால் கூட்டம் முழுவதன் போக்கும் தெரியும். தனித்துத் திரியும் ஆண்யானைக்கு இது பொருந்தாது.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரை அடுத்த நவக்கரை அருகே 2021 நவம்பரில் ரயில் மோதி 3 யானைகள் இறந்தன. அதன்பின் 2024 பிப்ரவரியில் மதுக்கரைக் காட்டு ரயில் பாதையில் 12 கோபுரங்களும் 24 காமிராக்களும் இயங்கத் தொடங்கின. இவை யானையை இனங்கண்டவுடன் காட்டிலாகாவுக்கும் ரயில்வேக்கும் எச்சரிக்கை செல்கிறது. வால்பாறையிலோ செல்போன் குறுஞ்செய்திகளும், செல்போனாலேயே எரியவிடப்படும் சிவப்பு விளக்குகளும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரை எச்சரித்து வருகின்றன.

களப்பணியாளர் நினைவில் கொள்ளவேண்டியவை

காமிராவின் கடிகாரம் பிழையாயின் படம் முழுவதும் பிழையாகும். ஆகவே முதலில் அதனைச் சரிபார்க்கவேண்டும். எதிரிலுள்ள புல்லைக் களையவேண்டும். காற்றில் அசையும் புல்லும் வெறும் படங்களைத் தரும். படம் கிடைக்காத நாளையும் குறிப்பேட்டில் எழுதுதல் அவசியம். அது இல்லாமல் கணக்கு அமையாது. விறகு பொறுக்குவோர் படத்தில் விழுந்தால், அப்படத்தைப் பிறருக்குக் காட்டலாகாது. கிராமத்தாரின் நம்பிக்கை போய்விட்டால் காமிராவும் அங்கே நிலைக்காது.

எச்சரிக்கைச் செய்தி அனுப்பப்பட்டதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அது உழவரின் மொழியில், அவர் வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே சேர்ந்ததா என்பதை விசாரித்து அறியவேண்டும். அதை அறிவிக்கக்கூடிய கருவி எதுவும் இல்லை. அது களப்பணியாளரின் கடமை.