ஸ்நான அறைத் தரையில் நீர்க்கசிவு: அறியும் முறையும் பரிகாரமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் பூமியில் வீட்டிற்குள்ளேயே குளிக்கும் வழக்கம் பெரும்பாலும் பிற்காலத்தில் வந்தது. கிணற்றடியிலும் கொல்லையிலும் குளித்து வந்த வரையில், ஊற்றிய ஜலம் எங்கே போயிற்று என்று ஒருவரும் விசாரிக்க வேண்டியிருந்ததில்லை. 2014-ஆம் வருஷத்தில் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கிய பின்னர், கக்கூஸும் அதையொட்டி ஸ்நான அறையும் அநேக வீடுகளில் அமையலாயின. பாளையம்பட்டி போன்ற நெருக்கமான ஊர்களில் ஸ்நான அறையின் சுவரே தறி போட்ட அறைக்கும், தானிய மூட்டை அடுக்கும் அறைக்கும் சுவராய் நிற்கின்றது. அச்சுவரில் ஈரம் ஏறினால் பாவு நூலில் பூஞ்சணம் பிடிக்கும். உளுந்தும் துவரையும் கெடும். கடன் பெற்று வீட்டைத் திருத்திய அங்கத்தினருக்கு இது இரட்டை நஷ்டம்.

இவ்விஷயத்தில் முதலாவது அறிய வேண்டியது யாதெனில், டைல்ஸ் பதித்ததனால் மாத்திரம் தரை ஜலத்தைத் தாங்கிவிடாது என்பதே. டைல்ஸின் வழவழப்பான மேற்புறம் ஜலத்தை விடாதென்பது மெய்தான். ஆனால் இரண்டு டைல்ஸுகளுக்கு நடுவே சிமெண்டுப் பால் இட்டு அடைத்த இணைப்பு, ஜலத்தை மெதுவாய் உள்ளே விட்டுக்கொண்டேயிருக்கும். அதைத் தடுத்து நிறுத்த வேண்டியது டைல்ஸுக்கு அடியிலுள்ள நீர்புகாப் பூச்சாகும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, கட்டையால் அடித்து மெத்தைத் தளம் போட்ட பழைய கொத்தனார்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். அங்கும் முக்கியமான காப்பு மேலே பதித்த தட்டோடன்று, அடியிலுள்ள தளமே.

கரிசல் மண்ணில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஈரம் பட்டால் அம்மண் உப்பும்; காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். தரைக்கு அடியில் வீட்டைத் தோண்டிய கரிசலையே நிரப்பியிருந்தால், சிறு கசிவினால் மண் உப்பித் தரையைத் தூக்கும். தரை விரிசல் விடும். விரிசல் வழியே மேலும் ஜலம் இறங்கும். ஆகையால் புதிதாய்க் கட்டுவோர் அடியிலுள்ள கரிசலை எடுத்துவிட்டுச் சரளை இட்டு, நனைத்து, திமிசு போட்டு இறுக்குதல் அவசியம். இதில் மிச்சம் பிடிப்பது பின்னால் தரையையே பெயர்ப்பதில் முடியும்.

கசிவின் இடம் அறிதல்

சுவரில் ஈரமும் உப்புப் பூத்தலும் கண்டவுடன் டைல்ஸைப் பெயர்க்கத் தொடங்குவது பெருந்தவறு. முதலில் இரண்டு மூன்று தினங்கள் அவ்வறையில் குளிப்பதை நிறுத்த வேண்டும். அப்போதும் ஈரம் குறையாவிடில், சுவருக்குள் பதித்த குழாயைச் சந்தேகிக்கலாம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியில் ஜலமட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஈரம் குறைந்தால் குழாய் நிரபராதி. பின்பு தரையை நனைக்காமல், புனல் வைத்து ஒரு வாளி ஜலத்தை நேரே நீர்ப்போக்கியின் வாய்க்குள் ஊற்றி ஒரு நாள் காத்திருக்க வேண்டும். ஈரம் தோன்றினால் பழுது போக்குக்குழாயில் இருக்கின்றது. தோன்றாவிட்டால் வாயை அடைத்துத் தரையில் மாத்திரம் ஜலம் தேக்கிப் பார்க்கலாம். அதற்கும் அடுத்தபடி சுவரில் மாத்திரம் தெளித்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விடாவிட்டால் எதனால் ஈரம் வந்ததென்று கூற இயலாது. ஜலத்தில் சாயம் கலந்து பார்ப்போரும் உண்டு. செங்கல்லும் மண்ணும் சாயத்தை வடித்துவிடுமாதலால் அது நம்பத்தக்க முறையன்று.

பூச்சு பூசும்போது நேரும் பிழைகள்

தற்காலத்தில் சாதாரணமாய்க் கிடைப்பது, சிமெண்டுத் தூளும் பால் போன்ற திரவமும் தனித்தனியே வந்து, பூசும்போது கலக்கப்படும் பூச்சாகும். உலர்ந்த பின் இது சிறிது வளைந்து கொடுக்கும். கரிசல் பூமிக்கு இந்தக் குணம் மிகவும் ஏற்றது. சொந்தக் கையால் பூசுவோரும் இதைச் செய்யலாம். ஆனால் அளவை மாற்றித் தாமாகவே ஜலம் ஊற்றிக் கலக்கலாகாது.

பூச்சு தோல் தோலாய் உரிந்தால், அடியில் தூசியோ, சுண்ணாம்பு வெள்ளையோ, எண்ணெயோ இருந்ததென்று அறியலாம். முழுவதும் சுரண்டித் தேய்த்துக் கழுவிப் பூசுவதே பரிகாரம். உரிந்ததன்மேல் பூசுவது வீண். வலை போல வெடிப்புக் கண்டால், ஒரே தடவையில் கனமாய்ப் பூசியதோ, வெயிலில் விரைவாய்க் காய்ந்ததோ காரணமாகும். இப்பக்கத்துக் கோடையில் மாலை வேளையில், தரையை நனைத்து, ஜலம் தேங்காமல் துடைத்தபின் மெல்லியதாய் இரண்டு தடவை பூசுதல் நலம். முதற் பூச்சு நெடுக்கே ஆனால், அது காய்ந்தபின் இரண்டாவதைக் குறுக்கே பூச வேண்டும். ஊசித் துளைகளைக் கண்டால், அவ்விடத்தில் தூரிகையை அழுத்தி மறுபடியும் பூசவும்.

எனினும் பெரும்பான்மையான கசிவுகள் நடுத்தரையில் நேருவதில்லை. தரையும் சுவரும் கூடும் மூலையிலும், நீர்ப்போக்கியைச் சுற்றிலும், வாசற்படியிலுமே நேருகின்றன. மூலையைச் சாந்தினால் சிறிது வளைவாக்கி, இரண்டு பூச்சுகளுக்கும் நடுவே வலைத்துணியைப் பதிக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயின் வழவழப்பில் சாந்து பற்றாது. ஆகையால் குழாயின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, சுற்றியுள்ள சந்தைச் சுருங்காத சாந்தினால் அடைத்து, பூச்சைக் குழாயின் விளிம்பு வரை கொண்டுபோதல் வேண்டும். சுவரில் பொதுவாய் ஓரடி உயரமும், பூவாளிக் குழாய் உள்ள பக்கத்தில் ஆறடி உயரமும் பூசுதல் தகும்.

வாட்டத்தைப் பூச்சுக்கு அடியிலேயே அமைத்துவிட வேண்டும். ஆறடிக்கு ஓரங்குலம் போதும். சமமான தரையில் பூசி, டைல்ஸில் மாத்திரம் வாட்டம் காட்டினால், உள்ளிறங்கிய ஜலம் பூச்சின்மேல் தேங்கி நாற்றமெடுக்கும்.

நான்கு குடம் ஜலத்தில் பரீட்சை

பூச்சு நன்றாய் முறுகிய பிறகு, டைல்ஸ் பதிக்கும் முன்னரே பரீட்சித்தல் இன்றியமையாதது. நீர்ப்போக்கியைத் துணிப்பொதியால் இறுக்கி அடைத்து, வாசலில் சிறு கரை கட்டி, மேட்டுப்பக்கம் அரை அங்குலமும் பள்ளப்பக்கம் ஒன்றரை அங்குலமும் நிற்குமாறு ஜலம் தேக்க வேண்டும். நாலடிக்கு ஆறடியுள்ள அறைக்குச் சுமார் 57 லிட்டர், அதாவது நான்கு குடம் செல்லும். தண்ணீர்ப் பஞ்சத்தில் இது வீண் செலவு என்று தோன்றலாம். அதே ஜலத்தை மறுநாள் மொண்டு புதிய சுவரை நனைக்கலாமே.

24 மணி நேரம் ஜலம் நிற்க வேண்டும். இப்பக்கத்துக் காற்றில் ஜலம் தானே வற்றுமாதலால், அகன்ற தட்டொன்றில் ஜலம் வைத்து அதே அறையில் இருக்கச் செய்து, இரண்டின் இறக்கத்தையும் ஒப்பிட வேண்டும். தட்டிலுள்ளதைவிடத் தரையில் அதிகம் இறங்கியிருந்தால் பூச்சில் குறை உண்டு.

டைல்ஸ் பதிக்கையில் நாலு மூலையில் மாத்திரம் கலவை வைத்து அழுத்தும் வழக்கத்தை அனுமதிக்கலாகாது. அடியிலுள்ள பொந்துகளில் ஜலம் தங்கும். பதித்தபின் நாணயத்தால் தட்டிப் பார்த்தால் பொந்து ஓசையால் தெரியும்.

ஏற்கெனவே பதித்த அறையில் பழுது நீர்ப்போக்கியின் அருகே மட்டும் என்று தெரிந்தால், சுற்றியுள்ள நாலைந்து டைல்ஸை எடுத்து அவ்விடத்தை மாத்திரம் செப்பனிடலாம். பழுது தரை முழுவதும் பரவியிருந்தால், இணைப்புகளில் எபாக்சி அடைப்பதும் மேலே நிறமற்ற திரவம் தடவுவதும் சில காலத்திற்கே பயன்படும். தரையைப் பெயர்த்துப் பூச வேண்டியதுதான்.

கலந்த பூச்சு சிறிது நேரத்திலேயே இறுகிவிடுமாதலால், ஒரே தெருவில் வேலை செய்யும் அங்கத்தினர் இருவர் மூவர் சேர்ந்து ஒரு பெரிய டப்பா வாங்கி, ஒரே மாலையில் பூசிக்கொள்வது சிக்கனம். கொத்தனாரின் கூலியில் ஒரு பகுதியை ஜலப் பரீட்சை முடிந்தபின் கொடுப்பதாக ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளலாம். குழாய்கள் சுவருக்குள் செல்லும் பாதையைத் தரையிலிருந்து எத்தனை அங்குலமென்று காகிதத்தில் குறித்து வைத்திருந்தால், பின்னர் சோப்புத் தட்டு மாட்ட ஆணியடிப்பவர் குழாயில் துளையிட நேராது.