கையால் பிரைமர் அழுத்தப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் ரைபிள் பழகும் நம்மவர்களில் சிலர், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல் தாங்களே மறுபடி நிரப்பத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: பிரைமர் அழுத்த எந்தக் கை கருவி வாங்கலாம்? நல்ல ரீலோடிங் கையேடு ஒன்றை முதல் பக்கத்திலிருந்து படித்து முடித்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். மற்றவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

1. எதற்காக வாங்குகிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிரைமர் அழுத்தும் வசதி உங்கள் ரீலோடிங் பிரெஸ்ஸிலேயே இருக்கும். ஆனால் அதன் நெம்புகோலுக்கு இருக்கும் பலத்தில் கைக்கு ஒன்றும் தெரியாது. பிரைமர் என்பது ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் அடி பட்டால் வெடிக்கும் கலவை, அதன் மேல் ஆன்வில் என்ற சிறு தகடு. ஆன்விலின் கால்கள் பிரைமர் குழியின் தரையைத் தொட்டு ஊன்றி நிற்க வேண்டும். ஊன்றாவிட்டால் துப்பாக்கி ஊசியின் அடியில் ஒரு பகுதி பலம் பிரைமரைக் குழிக்குள் தள்ளுவதிலேயே போய்விடும்; தோட்டா வெடிக்காமலும் போகலாம். கையில் பிடித்து அழுத்தும்போது முதலில் ஒரு இறுக்கம், பிறகு சீரான நகர்வு, பிறகு முட்டி நிற்பது என மூன்றும் தனித்தனியாகத் தெரியும். அந்த மூன்றாவதைத் தெளிவாகச் சொல்லும் கருவிதான் நல்ல கருவி. பளபளப்பு, வேகம், பெயர் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

2. உங்களிடம் இருக்கும் கூடுகளை மேசையில் பரப்பிப் பாருங்கள். .308 வின்செஸ்டர், .30-06, .270 மூன்றுக்கும் அடிவிளிம்பின் விட்டம் 0.473 அங்குலம். .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெல்ட் வைத்த கூடுகளுக்கு 0.532. .338 லபுவா மேக்னத்துக்கு 0.588. கருவி இவற்றைப் பிடிக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். .50 பிஎம்ஜி இந்தக் கணக்கிலேயே சேராது. அதன் பிரைமர் வேறு அளவு, கருவியும் வேறு.

கூடு பெரிதாக இருப்பதால் பிரைமரும் பெரிதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய ரைபிள் பிரைமரின் விட்டம் 0.210 அங்குலம், சிறியது 0.175. லபுவா நிறுவனம் .308க்குச் செய்யும் பால்மா வகைக் கூட்டில் சிறிய குழிதான். 6.5 கிரீட்மோரில் ஹார்னடி கூட்டுக்கு வழக்கமாகப் பெரியது, லபுவா கூட்டுக்குச் சிறியது. சுடுகளத்தில் பொறுக்கிய கூடுகளில் இரண்டும் கலந்தே கிடக்கும். இன்னொன்று: பெரிய பிஸ்டல் பிரைமருக்கும் இதே 0.210 விட்டம்தான், உயரம் மட்டும் குறைவு. ரைபிள் கூட்டில் அது தடையில்லாமல் நுழைந்து, ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே வகைப் பெட்டிதான் இருக்க வேண்டும்.

3. கூட்டின் அடியைப் பிடித்து நிறுத்தும் ஷெல் ஹோல்டர் விஷயத்தில்தான் புதியவர்கள் இரண்டு முறை செலவு செய்கிறார்கள். ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் சாதாரணக் கை கருவிக்குப் பிரெஸ்ஸில் போடும் அதே ஷெல் ஹோல்டர் போதும். .30-06 குடும்பத்துக்கு 3ஆம் எண், பெல்ட் வைத்த மேக்னங்களுக்கு 4ஆம் எண். லீ நிறுவனத்தின் கை கருவிகளுக்கு அவர்களே தனியாக விற்கும் ஹோல்டர் வேண்டும். பிரெஸ்ஸில் இருப்பது பொருந்தாது. ஆர்சிபிஎஸ்ஸின் யுனிவர்சலில் ஹோல்டரே கிடையாது, ஸ்பிரிங் வைத்த தாடைகள் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். பத்து வகை சுடுபவருக்கு அது வரப்பிரசாதம். ஒன்றிரண்டு வகை மட்டும் சுடுபவருக்கு என் ஓட்டு ஹோல்டர் வைத்ததற்குத்தான். கூடு ஆடாமல் நேராக நிற்கும், விரலுக்கு வரும் செய்தியும் தெளிவாக இருக்கும்.

4. பிரைமர்களைக் கொட்டி வைக்கும் தட்டைப் பற்றி அலட்சியம் வேண்டாம். ஒரு பிரைமர் வெடித்தால் கை சுடும், காது இரையும். தட்டில் இருக்கும் நூறும் அதோடு சேர்ந்து வெடித்தால் கண்ணும் விரலும் போகும். அதனால் அழுத்தப்படும் பிரைமருக்கும் தட்டில் காத்திருப்பவற்றுக்கும் நடுவில் கருவியில் என்ன தடுப்பு இருக்கிறது என்று கேளுங்கள். ஆர்சிபிஎஸ் கருவிகளில் அதற்கென்றே ஒரு கதவு உண்டு. ஒன்று உள்ளே போனதும் மற்றவற்றுக்கு வழி அடைபடும். லீயின் பழைய ஆட்டோ பிரைமோடு வந்த குறிப்பில், அதன் தட்டில் ஃபெடரல் பிரைமர்களைப் போட வேண்டாம் என்று எச்சரித்திருந்தார்கள். ஃபெடரல் 210 அருமையான பிரைமர்தான். எளிதில் பற்றும் அதன் குணம் துப்பாக்கிக்குள் நன்மை, திறந்த தட்டில் தொல்லை. எந்தக் கருவியானாலும் அதன் குறிப்பேடு எந்த பிரைமரை அனுமதிக்கிறதோ அதை மட்டும் போடுங்கள்.

நூறு கொள்ளும் தட்டில் இருபதைப் போட்டு வேலை செய்தால் என்ன குறைந்துவிடும்? மீதி அதன் சொந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும்; கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வைப்பது பைத்தியக்காரத்தனம். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் உட்காராதீர்கள். தட்டின் முகம் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

5. கடையில் கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலால் மட்டும் அழுத்தும் அமைப்பு ஐம்பதாவது கூட்டில் வலிக்கத் தொடங்கும். உள்ளங்கை முழுவதும் சேர்ந்து பிடிக்கும் நெம்புகோல் அப்படி வலிக்காது. சிறிய கை உள்ளவர்கள் நெம்புகோல் முழுதாக விரியும்போது விரல் எட்டுகிறதா என்று கவனியுங்கள். விரல் மூட்டில் வாதம் இருப்பவர்கள் கை கருவியை விட்டுவிட்டு மேசையில் பூட்டும் வகையைப் பார்க்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

6. ஆழம் திருத்தும் வசதிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்கு 0.002 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வெளியே துருத்தினால் ஆபத்து. எம்1 கேரண்ட் போன்ற துப்பாக்கிகளில் அடிக்கும் ஊசியைப் பிடித்து நிறுத்த ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும் வேகத்திலேயே ஊசி முன்னால் வந்து பிரைமரைத் தொடும். பிரைமர் துருத்திக்கொண்டிருந்தால் விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கக்கூடும்.

ஃபிராங்க்ஃபர்ட் ஆர்சனலின் பெர்ஃபெக்ட் சீட் கருவியில் ஆழத்தைத் திருகி வைக்கலாம், பன்னிரண்டு ஷெல் ஹோல்டரும் கூடவே வருகின்றன. போட்டிக்குச் சுடுபவர்கள் கே அண்ட் எம், டுவென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி போன்ற நிறுவனங்களின் கருவிகளை விரும்புகிறார்கள். தட்டே இல்லாமல் ஒவ்வொன்றாக வைத்து அழுத்துபவை அவை. மெதுவானவை, விலையும் அதிகம். ஆனால் விரலுக்கு இவ்வளவு தெளிவாகப் பேசும் கருவி வேறில்லை. இருந்தாலும் ஆழம் திருத்தும் வசதிக்குக் கூடுதல் விலை கொடுக்கப் புதியவருக்கு நான் சொல்லமாட்டேன். குழிகளின் ஆழமே கூட்டுக்குக் கூடு மாறும்போது திருகி வைத்த ஆழத்தால் என்ன பயன்? முதலில் குழியைச் சுத்தம் செய்து, ஒரே ஆழமாக்கும் வெட்டுக்கருவியை ஓட்டிப் பழகுங்கள். அழுத்திய ஒவ்வொன்றின் மேலும் விரல்நுனியை ஓட்டிப் பாருங்கள்.

7. பிரைமர் உள்ளே போகாவிட்டால் நிறுத்துங்கள். ராணுவத்துக்குச் செய்த லேக் சிட்டி ஆலைக் கூடுகளில் பிரைமர் கழன்றுவிடாதபடி குழியின் விளிம்பை நெருக்கி வைத்திருப்பார்கள். பழைய பிரைமரை எடுத்த பின்பும் அந்த நெருக்கு அப்படியே இருக்கும். அதை வெட்டியோ விரித்தோ எடுக்காமல் புதியதை அழுத்தினால் கோணலாக நசுங்கும். எந்த விலைக் கருவியும் இதற்கு மருந்தாகாது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் போய்விடும் என்று கை சொல்லும், கேட்காதீர்கள்.

8. பழைய கருவி மலிவாகக் கிடைத்தால் நெம்புகோலின் இணைப்பு ஆணியையும் உந்துதண்டின் நுனியையும் பாருங்கள். இணைப்பு தேய்ந்திருந்தால் பிரைமர் முழு ஆழத்துக்குப் போகாது. நுனி குழிந்தோ சாய்ந்தோ இருந்தால் பிரைமரின் முகத்தில் தடம் விழும். தட்டின் மூடி விரிசல் விட்டிருந்தால் விலை பேசாமலே திரும்பி வந்துவிடுங்கள். வாங்கிய கருவிக்கு எண்ணெய் இடுவதானால் இணைப்பில் ஒரு சொட்டு போதும். மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், எண்ணெய் பட்ட பிரைமரை நம்ப முடியாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டுத் தட்டைத் தொடாதீர்கள், பிரைமர் கலவையில் ஈயம் இருக்கிறது.