காசநோய் மாத்திரையும் இரவு வியர்வையும்



சென்ற மாதம் ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்கு வந்து, பையிலிருந்து ஒரு வெள்ளை பனியனை எடுத்துக் காட்டினார். கழுத்தோரம் ஆரஞ்சுக் கறை. "வாப்பாவுக்கு வேர்வையில ரத்தம் வருது செயலாளர் பாய், டி.பி. மாத்திரையை நிறுத்திட்டோம்" என்றார். நிறுத்தி நான்கு நாளாகியிருந்தது.

அது ரத்தமில்லை. ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம் சிறுநீர், வியர்வை, கண்ணீர், எச்சில் எல்லாவற்றிலும் இறங்கும். அதனால் கெடுதல் இல்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளானால், வாந்தி விடாமல் வந்தால் அது வேறு; அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

நிறத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. மூன்றாவது மாதத்திலும் தலையணை நனையும் அளவு ஏன் வியர்க்கிறது?

காசநோயில் இரவு வியர்வை வரும்தான். மருந்து தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். சாதாரண காசநோய்க்கு முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று. காய்ச்சலும் இருமலும் வியர்வையும் குறையாமல் இருந்தால், அல்லது நின்று திரும்ப வந்தால், மாத்திரை விடுபட்டிருக்கலாம். கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் இருக்கலாம். சளிப் பரிசோதனை அவசியம்.

அவர் வாப்பாவுக்குக் காய்ச்சலே இல்லை. விடியற்காலை 3 மணிக்குக் கை நடுங்கி, உடம்பு சில்லென்று வியர்க்கிறது. சர்க்கரை நோயாளி. பசியில்லை என்று இரவுச் சோற்றை ஒதுக்கிவிட்டுச் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறார். மறுநாள் அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தார்கள்: 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும். அதனால் டாக்டர் அளவைக் கூட்டியிருப்பார். காசநோய் மருந்து முடிந்த பிறகும் அதே அளவைத் தொடர்ந்தால் சர்க்கரை சரியும். ஆகவே கடைசி மாத்திரை முடியும் வாரத்திலேயே சர்க்கரை டாக்டரைப் பாருங்கள்.

நோன்பு காலத்தில் "தாங்கிக்கொள்வேன்" என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகை அல்பகரா 185-ம் வசனத்திலேயே இருக்கிறது. ஸஹருக்கு எழுப்பும் முன் அதை எடுத்துச் சொல்லுங்கள்.

அந்தச் சகோதரி விடுபட்ட நான்கு நாளையும் மறைக்காமல் டாக்டரிடம் சொன்னார். காசநோய் மாத்திரை மறுபடி தொடங்கியது. சர்க்கரை மாத்திரையின் அளவு மாறியது. சாப்பாட்டுக்கென்று அரசு மாதம் தரும் 1000 ரூபாயில் இப்போது இரவில் முட்டையும் பாலும் வாங்குகிறார்கள்.

சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று நம் அலுவலகத்தில் இருக்கிறது, இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஊசி மட்டும் அவரவர் சொந்தமாக வாங்க வேண்டும். ஒருவர் குத்திய ஊசியை மற்றவர் தொடக்கூடாது.