பெயரைத் தேடும் நிரலில் மறைந்திருந்த பிழை

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதர்களோ பெயர்களால் அழைக்க விரும்புகின்றனர். இவ்விரண்டையும் இணைத்து வைப்பது, டி.என்.எஸ். எனச் சுருக்கமாக வழங்கும் டொமைன் பெயர் முறையாகும். ஆதியில் பிணைப்பில் சேர்ந்திருந்த கணிப்பொறிகள் மிகச் சிலவாக இருந்தபோது, அவற்றின் பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரே ஜாபிதா அமெரிக்காவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பராமரிக்கப்பட்டு, அங்கிருந்தே எல்லோராலும் பிரதி எடுத்துக்கொள்ளப்பட்டது. கணிப்பொறிகள் பெருகப் பெருக அந்த ஜாபிதா பெருஞ் சுமையாயிற்று. எனவே, பட்டியலைப் பல ஸர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் வகுத்தார். 1987இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகளே இன்றும் அடிப்படையாக உள்ளன.

லினக்ஸ் இயங்கும் கணிப்பொறியில் ஒரு நிரல் பிறிதொரு கணிப்பொறியுடன் தொடர்பு கொள்ள விரும்பினால், அது தானே டி.என்.எஸ். ஸர்வரைத் தேடிச் செல்வதில்லை. அப்பணியைப் பொது நூலகம் ஒன்றிடம் ஒப்படைத்துவிடுகிறது. பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் இந்நூலகம் ஜி-லிப்-சி எனப்படும் குனூ சி நூலகமேயாகும். அதில் பெயரை எண்ணாக மாற்றித் தரும் பகுதிக்கு 'கெட்-அட்ர்-இன்ஃபோ' என்று பெயர். வலைப்பக்கத்தைக் கொணரும் நிரல், தொலைவிலுள்ள கணிப்பொறியில் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். நிரல் போன்ற எண்ணற்ற நிரல்கள் இந்த ஒரே வாயிலை நாடுகின்றன. ஆகவே, இவ்வாயிலில் நேரும் பழுது எதுவாயினும் அது ஒரு நிரலோடு நிற்பதன்று.

பதில் வைக்கும் இடம்

இன்று இணையத்தில் இருவகை முகவரிகள் வழக்கிலுள்ளன. பழையது 32 பிட்டுகள் கொண்டது; புதியது 128 பிட்டுகள் கொண்டது. எவ்வகை முகவரியானாலும் சரியே என்று ஒரு நிரல் கேட்கும்போது, நூலகம் ஒரே சமயத்தில் இரு கேள்விகளை ஸர்வருக்கு அனுப்புகிறது. பழைய வகை முகவரிக்கான கேள்வி 'ஏ' என்றும், புதிய வகைக்கானது 'நான்கு ஏ' என்றும் வழங்கப்படும். இரு பதில்களும் எந்த வரிசையிலும் வந்து சேரலாம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பதில் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. ஆதி விதிகளின்படி, யு.டி.பி. வழியாக வரும் பதில் 512 பைட்டுகளுக்கு மேற்படலாகாது. 1999இல் வகுக்கப்பட்ட விரிவாக்க விதி இவ்வரம்பைத் தளர்த்தியது. டி.சி.பி. வழியாக வரும் பதிலோ 65,535 பைட்டுகள் வரை நீளலாம். ஆனால் சாதாரணமாக வரும் பதில்கள் மிகச் சிறியவை. இதனைக் கருதி, நூலகத்தை எழுதியோர் 'ஸ்டாக்' எனப்படும் தற்காலிக நினைவகப் பகுதியில் 2,048 பைட்டுகளை மட்டும் முதலில் ஒதுக்கினர். பதில் அதற்குள் அடங்காவிடில், 'ஹீப்' எனப்படும் பொது நினைவகத்திலிருந்து 65,536 பைட்டுகள் கொண்ட புதிய இடம் பெறப்படும். ஏற்பாடு சிக்கனமானதே, அதில் குறை கூறுவதற்கில்லை.

பிழை நுழைந்தது இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே நடைபெறும் மாற்றத்தில்தான். ஒவ்வோர் இடத்தையும் பற்றி நூலகம் இரு விவரங்களைக் குறித்து வைத்திருக்கும்: ஒன்று, இடம் எங்கே தொடங்குகிறது என்பது, மற்றொன்று, அதன் கொள்ளளவு. பெரிய பதில் வந்து புதிய இடம் பெறப்பட்டபின், ஏதோ காரணத்தால் கேள்வியை மறுபடியும் அனுப்ப நேர்ந்தால், சில சந்தர்ப்பங்களில் கொள்ளளவு மட்டும் 65,536 என மாறிவிடும். தொடக்க இடமோ பழைய 2,048 பைட்டுகளையே சுட்டிக்கொண்டிருக்கும். அடுத்து வரும் பெரிய பதில், இடம் போதுமானது என்ற நம்பிக்கையில் சிறிய இடத்தில் கொட்டப்படும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் விளக்கக் கரும்பலகையே போதும். கிராமத்துப் பண்டகசாலை ஒன்றில் சிறு குதிர் ஒன்றும் பெரிய களஞ்சியம் ஒன்றும் இருப்பதாகக் கொள்க. கணக்கர் பதிவேட்டில் கொள்ளளவைக் களஞ்சியத்திற்கு உரியதாக மாற்றி எழுதுகிறார். ஆனால் சுமையாளிடம் தரும் சீட்டில் குதிரின் எண்ணை மாற்ற மறந்துவிடுகிறார். சுமையாள் மூட்டைகளைக் குதிரில் அவிழ்த்துக்கொண்டே இருப்பான். கணக்கின்படி நிறையாத குதிர், உண்மையில் நிரம்பி வழிந்து அருகிலுள்ள பொருள்கள் மேல் சரியும். மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கக்கூடும்: வழிந்தால் என்ன, சிறிது நெல் வீணாவதோடு சரிதானே? கணிப்பொறியில் அவ்வாறன்று. ஸ்டாக் பகுதியில் சிறிய இடத்திற்கு அடுத்தாற்போல், 'இப்பணி முடிந்தபின் எங்கே திரும்ப வேண்டும்' என்னும் குறிப்பும் எழுதப்பட்டிருக்கிறது. வழிந்த பதில் அக்குறிப்பை அழித்துவிடும். தற்செயலாக அழிந்தால் நிரல் நின்றுவிடும். பகைவன் ஒருவன் திட்டமிட்டுப் பதிலை அமைத்தனுப்பினால், தான் விரும்பிய இடத்திற்கு நிரலைத் திருப்பிவிடவும் கூடும். நினைவகத்தின் இடங்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மாற்றி வைக்கும் பாதுகாப்பு முறையால் இது கடினமாகிறதேயன்றி, இயலாததாகிவிடுவதில்லை.

பிழை வெளிப்பட்ட விதம்

2008ஆம் ஆண்டில் வெளிவந்த 2.9ஆம் பதிப்பிலிருந்தே இப்பிழை நூலகத்தில் இருந்து வந்தது. கூகிள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், ஒரு குறிப்பிட்ட கணிப்பொறியுடன் இணைய முயலும் ஒவ்வொரு தடவையும் தமது எஸ்.எஸ்.எச். நிரல் முறிந்து விழுவதைக் கண்டார். மற்றக் கணிப்பொறிகளுடன் இணையும்போது இத்தொல்லை இல்லை. குறை எஸ்.எஸ்.எச். நிரலில் இருக்கும் என்று முதலில் எண்ணுவது இயல்பே. ஆராய்ந்தபோதுதான், குறை அதில் இல்லை, அது நம்பியிருந்த நூலகத்தில் உள்ளது எனத் தெரிந்தது. அக்குழுவினர் நூலகத்தைப் பராமரிப்போருக்கு அறிவிக்கச் சென்றபோது, இதே பிழை 2015 ஜூலையிலேயே பதிவாகியிருந்ததையும், ரெட்ஹாட் நிறுவனத்தார் தனியே அதனை ஆராய்ந்து வருவதையும் கண்டனர். பின்னர் இரு தரப்பினரும் ஒருங்கே உழைத்துத் திருத்தத்தை உருவாக்கி, 2016 பிப்ரவரி 16ஆம் நாள் வெளியிட்டனர். அதே மாதம் வந்த 2.23ஆம் பதிப்பில் இத்திருத்தம் இடம்பெற்றது. இடத்தின் தொடக்கமும் கொள்ளளவும் எப்போதும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்குமாறு நிரல் செப்பனிடப்பட்டது. அப்பகுதி எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் விளக்கக் குறிப்புகளும் அதனுடன் சேர்க்கப்பட்டன. பழைய நிரல்களில் இத்தகைய குறிப்புகள் அரிதாகவே காணப்படுவது வருந்தத்தக்கது.

களப்பணியாளர் கவனத்திற்கு

திருத்தப்பட்ட நூலகத்தைக் கணிப்பொறியில் நிறுவிவிட்டால் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். இது தவறு. ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தான் தொடங்கியபோது நினைவகத்தில் ஏற்றிக்கொண்ட பழைய நூலகத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். வட்டிலுள்ள கோப்பு மாறினாலும் அது மாறாது. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் ஸர்வர் நிரல்களே மிகுந்த அபாயத்திற்கு உட்பட்டவை. அவற்றை நிறுத்தித் தொடங்க வேண்டும். எவையெவை என்று ஐயமிருப்பின், கணிப்பொறியையே நிறுத்தி மறுபடி இயக்குவது உத்தமம்.

பதிப்பு எண்ணை மட்டும் கண்டு முடிவு செய்வதும் கூடாது. நீண்ட காலம் ஆதரவளிக்கப்படும் லினக்ஸ் வெளியீடுகளில், பதிப்பு எண்ணை மாற்றாமலே திருத்தத்தை மட்டும் பழைய நூலகத்தில் சேர்ப்பது வழக்கம். 2.17 என்று காட்டும் நூலகம் திருத்தப்பட்டதாகவும் இருக்கலாம், திருத்தப்படாததாகவும் இருக்கலாம். வெளியீட்டாரின் மாற்றக் குறிப்பேட்டைப் பார்த்தே உறுதி செய்ய இயலும்.

திருத்தம் கிடைக்கும் வரை சில இடைக்கால உபாயங்கள் கூறப்பட்டன. 512 பைட்டுகளுக்கு மேற்பட்ட யு.டி.பி. பதில்களைத் தடுப்பதும், டி.சி.பி. பதில்களை 1,024 பைட்டுகளுக்குள் வரையறுப்பதும் பயன் தந்தன. ஆனால், புதிய வகை முகவரிகளின் உபயோகத்தை நிறுத்திவிட்டால் போதும் என்று சிலர் எண்ணியது பலிக்கவில்லை. அதனை நிறுத்தினாலும் 'நான்கு ஏ' கேள்வி அனுப்பப்படுவது நிற்பதில்லை. இரு கேள்விகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும்படி அமைப்பதும் உதவவில்லை; இடங்களைக் கையாளும் முறை அதனால் மாறாததே காரணம்.

இதே நூலகத்தில் இதற்கு ஓராண்டு முன்னர் வெளிப்பட்ட மற்றொரு பிழையும் இங்கே குறிப்பிடத்தக்கது. 'கோஸ்ட்' எனப் பெயரிடப்பட்ட அது, பெயர் தேடும் பழைய பகுதியாகிய 'கெட்-ஹோஸ்ட்-பை-நேம்' என்பதைச் சார்ந்தது. 2000ஆம் ஆண்டின் 2.2ஆம் பதிப்பில் புகுந்த அப்பிழை, 2013 மே மாதத்திலேயே திருத்தப்பட்டுவிட்டது. எனினும், அதனை எவரும் பாதுகாப்புப் பிழையாகக் கருதவில்லை. சாதாரணத் திருத்தமாகவே எண்ணினர். ஆகவே நீண்ட கால வெளியீடுகள் பல அத்திருத்தத்தை ஏற்காமல் விட்டன. 2015 ஜனவரியில் அதன் தன்மை வெளியான போது, அவை யாவும் இன்னும் பழுதுடனேயே ஓடிக்கொண்டிருந்தன.

இறுதியாக ஒரு வகை நிரல்களைத் தனியே கவனித்தல் வேண்டும். சில நிரல்கள் நூலகத்தைப் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளாமல், தயாரிக்கப்படும்போதே அதன் பிரதியைத் தம்முள் அடக்கிக்கொள்கின்றன. பிணைப்புச் சாதனங்கள் சிலவற்றிலும் இம்முறை கையாளப்படுகிறது. இவற்றுக்குக் கணிப்பொறியின் நூலகத்தை மாற்றுவதால் பயனில்லை. நிரலையே திருத்திய நூலகத்துடன் மீண்டும் தயாரிக்க வேண்டும். ஆயினும் எல்லாச் சிறு சாதனங்களும் இதில் அடங்கா. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் 'பயோனிக்' என்னும் வேறு நூலகத்தையும், ஆல்பைன் லினக்ஸ் 'மஸில்' என்னும் நூலகத்தையும் உபயோகிப்பதால், அவற்றை இப்பிழை தீண்டவில்லை. சாதனத்தில் எந்நூலகம் உள்ளது என்பதை நிறுவும் நாளிலேயே பதிவேட்டில் குறித்து வைத்தால், பின்னர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் சிரமம் இராது.