அடுப்படியில் ஒரு பாடம்

தில்லியில் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அரசு ஊழியர் குடியிருப்புகளின் மொட்டைமாடிகள் நிறைந்திருக்கும். வெயில் காய வருவோர் மடியில் பெரும்பாலும் ஒரு தட்டு இருக்கும். அதில் பச்சைப் பட்டாணி குவிந்திருக்கும். பேசிக்கொண்டே உரிப்பார்கள். அத்தகைய குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில், பிள்ளைகளின் சமையற்கல்வி இந்தப் பட்டாணி உரிப்பில்தான் தொடங்கிற்று.

மூத்தவள் அப்போது ஆறாம் வகுப்பு; இளையவன் இரண்டாம் வகுப்பு. தந்தை அலுவல் காரணமாக மாதத்தில் பாதி நாள் வெளியூர்களில் இருப்பவர். தாயும் வேலைக்குச் செல்பவர். மதுரைப் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் பாட்டி கோடை விடுமுறையில்தான் அவர்களைப் பார்ப்பார். "பெண் வளர்ந்துவிட்டாளே, சோறாக்கக் கற்றுக்கொடுத்தாயா?" என்று அவர் ஒருநாள் தொலைபேசியில் கேட்டார். "பையனுக்கும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறேன், அத்தை" என்றார் தாய். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

பாட்டி வியந்ததற்கு நியாயம் இல்லை. மிகச் சுவையான சமையலை நளபாகம் என்றும் வீமபாகம் என்றும் சொல்வது நம் வழக்கம். நளனும் வீமனும் ஆடவர்கள். பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, பாணர்க்கு அளித்த விருந்தைச் சொல்லும் இடத்தில், வீமன் இயற்றியதாகக் கருதப்பட்ட மடைநூலின் முறை தவறாது ஆக்கிய உணவு என்றே அதனைக் குறிக்கிறது. மடைநூல் என்பது சமையற்கலை நூல்.

பட்டாணிக்குப் பிறகு கறிவேப்பிலை உருவுதல், கீரை ஆய்தல், பூண்டு உரித்தல் என வேலைகள் வந்தன. கத்தியும் தீயும் வேண்டாத வேலைகள் இளையவனுக்கு; காய் நறுக்குதல் மூத்தவளுக்கு. காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொள்ள வேண்டும் என்பதைத் தாய் வெள்ளரிக்காயில் பழக்கினார். மழுங்கிய கத்தி ஆபத்தில்லாதது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தும்போது அது வழுக்கிக் கையில் பாயும்.

கடைக்குப் போவதும் பாடத்தில் சேர்ந்தது. தாய் தமிழில் எழுதிய சீட்டை மகள் கடையில் இந்தியில் சொல்ல வேண்டும். துவரம்பருப்பு அங்கே அர்ஹர் தால், மல்லி, தனியா, பெருங்காயம், ஹீங், வெந்தயம், மேத்தி. சீரகத்திற்கு மட்டும் அவளுக்குத் துன்பமில்லை; ஜீரா என்னும் சொல் அதன் உறவுதான் என்று அவளே கண்டுகொண்டாள். சோம்பை அவள் அடையாளம் காண நான்கு வாரம் ஆயிற்று. ஒருமுறை சீரகத்திற்குப் பதிலாகச் சோம்பு விழுந்த மிளகுச்சாற்றை வீடே குடித்தது.

பிள்ளைகளின் வாயில் அதுவரை ஒரே வினைச்சொல்தான் இருந்தது. சோறு 'பண்ணு', தோசை 'பண்ணு', கீரை 'பண்ணு'. எதையும் பண்ணினால் போதும். தாய் அதை அடுப்படியில் விலக்கிவைத்தார். பாலைக் காய்ச்சுவர். இட்டலியை அவிப்பர். தோசையை வார்ப்பர். கீரையைக் கடைவர். பருப்பை மசிப்பர். தேங்காயைத் துருவுவர். மிளகை இடிப்பர். உளுந்தை அரைப்பர். உப்புமாவைக் கிளறுவர், களியைக் கிண்டுவர். வெங்காயத்தை வதக்குவர், அப்பளத்தைப் பொரிப்பர், அதனையே தணலில் வாட்டினால் சுட்ட அப்பளம். இவை வெறும் சொல்வளத்திற்காகக் கற்க வேண்டியவை அல்ல. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு செய்முறை இருக்கிறது. 'வதக்கு' என்றால் சிறிது எண்ணெயும் மெல்லிய தீயும். காய் துவண்டதும் நிறுத்திவிட வேண்டும். 'பொரி' என்றால் பொருள் மூழ்குமளவு எண்ணெய் வேண்டும். அது நன்கு காய்ந்திருக்கவும் வேண்டும். ஒருநாள் தாய் "வெங்காயத்தை வதக்கு" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போனார். திரும்பி வந்தபோது வெங்காயம் கருஞ்சிவப்பாகப் பொரிந்து கிடந்தது. சொல் தெரியாதவளுக்குச் செயலும் தெரியவில்லை.

அடுப்பை மகள் கையில் கொடுப்பதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தீயைப் பற்றிய பேச்சிலேயே கழிந்தன. சமையல் எரிவளிக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை மூக்கு உணர வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு அதில் கலக்கின்றனர். இவ்வளி காற்றைவிடக் கனமானது. ஆகவே கசிந்தால் மேலே எழாமல் தரையை ஒட்டித் தேங்கும். அழுகிய நாற்றம் வந்தால் விளக்குப் பொத்தானைத் தொடக்கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அச்சிறு பொறியே தீயை மூட்டப் போதும். உருளையின் அடைப்பானை மூடிக் கதவுகளையும் சன்னல்களையும் திறந்துவிட்டு, எல்லாரும் வெளியே வந்த பின்னரே 1906 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். நாடு முழுவதற்கும் எரிவளிக் கசிவுக்குரிய அவசர எண் அது. தாய் அதனைச் சுவரில் ஒட்டவில்லை. இளையவனை மனப்பாடம் செய்ய வைத்தார்.

எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றலாகாது. எண்ணெயைவிட நீர் கனமானது. அடியில் இறங்கி நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசிவிடும். அடுப்பை அணைத்துப் பாத்திரத்தைத் தட்டால் மூடினால் காற்று இல்லாமல் தீ தானே அடங்கும். கையில் சூடுபட்டால் குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையும் மையும் பனிக்கட்டியும் ஆகா. குளிர்காலத்தில் தில்லிப் பிள்ளைகள் சால்வையைப் போர்த்துக்கொண்டே வீட்டில் உலவுவர். அடுப்பருகே சால்வை கூடாது என்பது அவ்வீட்டின் தனிச்சட்டம்.

அழுத்தக் கொதிகலனாகிய குக்கரின் மேல் மகளுக்கு அச்சம் மிகுதி. சீழ்க்கை ஒலித்தால் கூடத்திற்கு ஓடிவிடுவாள். தாய் அதைக் கேலி செய்யவில்லை. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. மூடிய கலனுக்குள் நீராவி அடைபட்டு அழுத்தம் ஏறுவதால் வெப்பநிலை ஏறக்குறைய 120 பாகை வரை உயர்கிறது. ஆகவே பருப்பு விரைவில் வேகிறது. மிகுந்த ஆவியை எடைமூடி வெளியேற்றுவதே அந்தச் சீழ்க்கை. எடைமூடியின் வழி அடைபட்டால் காப்பு அடைப்பான் உருகி வழிவிடும். ஆவி முழுதும் அடங்குமுன் மூடியைத் திறக்க முயல்வதுதான் பிழை. இவ்வளவும் தெரிந்த பின், அவள் சீழ்க்கையை எண்ணத் தொடங்கினாள். அச்சம் ஒரே நாளில் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கூடம் வரை ஓடியவள் அடுப்படி வாசல் வரை ஓடினாள், பிறகு ஓடவில்லை.

முதல் சோறு குழைந்தது. பழைய அரிசிக்கு உரிய நீரைப் புது அரிசிக்கு ஊற்றியதால் வந்த விளைவு அது. அன்று அது தயிர்ச்சோறாயிற்று. தயிர்ச்சோற்றுக்குக் குழைந்த சோறுதான் நன்று என்பது வேறு செய்தி. உப்பு மிகுந்த மிளகுச்சாற்றில் பருப்பு வேகவைத்த நீரைச் சேர்த்தார்கள். மார்கழியில் இட்டலி மாவு புளிக்க மறுத்தது. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாக இருக்கும் நுண்ணுயிரிகள் பெருகிக் காற்றை உண்டாக்குவதாலேயே மாவு பொங்குகிறது. அவற்றுக்கு 25 முதல் 30 பாகை வரையிலான வெப்பம் வேண்டும். தமிழ்நாட்டில் ஓர் இரவு போதும். தில்லிக் குளிரில் ஒரு நாள் முழுதும் போதவில்லை. இளையவன் தன் பழைய கம்பளிச் சட்டையை மாவுப் பாத்திரத்திற்கு மாட்டி, இரு கைகளையும் முன்னால் முடிந்து, தன் ரஜாய்க்குள் வைத்துக்கொண்டு படுத்தான். காலையில் மாவு பொங்கியிருந்தது. சட்டையின் கழுத்து வரை பொங்கியிருந்தது.

இத்தனைக்கும் தாய் ஒரு விரதம் காத்தார். மகள் தடுமாறினாலும் கரண்டியை அவள் கையிலிருந்து வாங்குவதில்லை. அடுப்படி வாசலில் முக்காலி போட்டு அமர்ந்திருப்பார், கேட்டால் சொல்வார், தீயும் கத்தியும் தவறும் வேளையில் மட்டும் கேளாமலும் சொல்வார். விரைவாக வேலை முடிய வேண்டும் என்று நினைக்கும் வீடுகளில் இது கடினம். பள்ளி நாட்களில் இங்கும் இயலவில்லை. ஞாயிறு மட்டுமே இயன்றது.

அடுத்த தை வந்தது. ஒருநாள் மாலை வேலையிலிருந்து திரும்பிய தாய்க்குக் கடுங்காய்ச்சல். தந்தை கட்டக் சென்றிருந்தார். வர மூன்று நாளாகும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி மருத்துவரிடம் அழைத்துச் சென்று வந்து, "ராத்திரிக்கு ரொட்டி கொண்டுவரவா?" என்று கேட்டார். மகள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு இந்தியில் நன்றி சொல்லி, "நாங்களே சமைத்துக்கொள்வோம், ஆன்ட்டி, அடுப்பைப் பற்றவைக்கும்போது மட்டும் உடன் இருங்கள்" என்றாள். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் அடுப்பைத் தொடக்கூடாது என்பதும் அவ்வீட்டுச் சட்டம்.

நெல்லிக்காய் அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்தாள். தம்பி மிளகும் சீரகமும் பூண்டும் இடித்தான். குக்கரில் கீழே பருப்பும் மேல்தட்டில் அரிசியும் ஏறின. புளிக்கரைசலில் தக்காளியைப் பிசைந்து, மஞ்சளும் உப்பும் இட்டுப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிட்டாள். இடித்த பொடியையும் பருப்பு நீரையும் சேர்த்தபின் கொதிக்க விடவில்லை. நுரை கூடி விளிம்பைத் தொட்டதும் இறக்கினாள். நெய்யில் கடுகு வெடித்தது. கறிவேப்பிலையை ஈரத்தோடு போட்டதால் அது சீறியது. புகை கண்ணில் ஏறிற்று. கதவருகில் நின்ற பக்கத்து வீட்டு ஆன்ட்டி அரையடி பின்வாங்கினார், அவள் பின்வாங்கவில்லை.

தாய் கட்டிலில் எழுந்து அமர்ந்து, குழைந்த சோற்றில் மிளகுச்சாறு விட்டுப் பிசைந்து உண்டார். மகள் எதிரில் நின்றாள்.

"உப்பு?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு கரண்டி விடு" என்றார் தாய்.

பின்னர் அவளும் தம்பியும் உண்ண அமர்ந்தபோதுதான் தெரிந்தது, உப்பு குறைவு.

குறுந்தொகையின் 167ஆம் பாடல் கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய இளம்பெண் ஒருத்தி கட்டித் தயிரைப் பிசைந்த விரல்களை உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை அவள் கண்களில் படிகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. அவளைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் இதனைப் பெற்ற தாய்க்குச் சொல்கிறாள். தாளிப்பை அக்காலத்தில் 'குய்' என்றனர். குழம்பில் உப்புச் சரியாக இருந்ததா என்று புலவர் சொல்லவில்லை.

சொற்பொருள்

அடுதல் – சமைத்தல் (அடுப்பு, அடிசில் என்பன இதன் வழிவந்தவை)
அட்டில் – சமையலறை
மடைநூல் – சமையற்கலை நூல்
குய் – தாளிப்பு
துழாவுதல் – கரண்டியால் கலக்குதல்
செவிலி – வளர்ப்புத்தாய்

பயிற்சி

1. எரிவளிக் கசிவு ஏற்பட்டால் விளக்குப் பொத்தானை அணைப்பதும் ஏன் தவறு?
2. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ரொட்டி தருவதாகச் சொன்னபோது மகள் தயங்கியது ஏன்? நீ கருதுவதை மூன்று தொடர்களில் எழுதுக.
3. 'இன்னும் ஒரு கரண்டி விடு' என்று தாய் சொன்னது மகளின் வினாவுக்கு விடையா? வகுப்பில் பேசுக.
4. வதக்கு, வறு, பொரி, அவி, வாட்டு: இவற்றுள் மூன்றைத் தேர்ந்து, உன் வீட்டில் அவ்வாறு சமைக்கும் உணவின் பெயரோடு தொடரில் அமைக்க.
5. உன் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் உள்ள பொருள்களின் பெயர்களைத் தமிழிலும், நீ வாழும் ஊரின் மொழியில் தமிழ் எழுத்திலும் எழுதுக. ஒலி ஒத்திருக்கும் இணைகளைக் கோடிட்டுக் காட்டுக.
6. உன் பாட்டியிடமோ பெற்றோரிடமோ கேட்டு, அவர்கள் முதன்முதலில் சமைத்த உணவு என்ன, அது எப்படி வந்தது என்பதைப் பத்து வரிகளில் எழுதி வருக. பிழையாக வந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுக.