திருவிழாக் காலத்தில் தாகமும் தசைப்பிடிப்பும்

சித்திரை, வைகாசித் திங்கள்களில் நம் திவ்யதேசங்கள் பலவற்றில் உத்ஸவங்கள் நிகழ்கின்றன. காஞ்சிப் பேரருளாளன் வைகாசியில் கருடாரூடனாய் எழுந்தருளும் கோலத்தையும், கள்ளழகர் சித்ரா பௌர்ணமியையொட்டி வைகையில் எழுந்தருளும் வைபவத்தையும் சேவிக்க இலட்சக்கணக்கான அன்பர்கள் திரள்கின்றனர். கோடையின் கடுமை உச்சத்தில் நிற்கும் நாள்கள் அவை. பாதயாத்திரையாக வருவோர், திருத்தேர் வடம் பிடிப்போர், எம்பெருமானைத் தோளில் ஏளப்பண்ணும் ஸ்ரீபாதந்தாங்கிகள், திருக்குடை ஏந்துவோர், மடைப்பள்ளியில் அடுப்பின் முன் நிற்போர் ஆகிய எல்லோரும் அந்த வெயிலிலும் புழுக்கத்திலும் மணிக்கணக்கில் உடலை வருத்தியே கைங்கர்யம் செய்கின்றனர்.

இவர்களிற் பலருக்குப் பகலின் பிற்பகுதியிலோ, பணி முடிந்து படுத்த பின்னரோ, கெண்டைக்கால், தொடை, தோள், வயிறு ஆகிய இடங்களில் தசை திடீரெனச் சுருண்டு இறுகிக்கொள்கிறது. குரக்கு வலி என்றும் தசைப்பிடிப்பு என்றும் இதனைக் கூறுவர். “நிறையத் தண்ணீர் குடித்தும் ஏன் இப்படி?” என்று கேட்போர் பலர். விடை அக்கேள்விக்குள்ளேயே உள்ளது. நெடுநேரம் வியர்த்தவருக்கு வெறுந்தண்ணீர் மட்டும் போதாது. வியர்வையோடு போன உப்பும் திரும்ப வேண்டும். அதுவும் தாகம் எடுத்துத் தவிக்கும் வரை காத்திராமல், முன்னதாகவே உடலைச் சேர வேண்டும். இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வியர்வையின் பணி

தசைகள் உழைக்கும்போது உடலினுள் வெப்பம் பிறக்கிறது. அதனை வெளியேற்றும் முதன்மையான வழி வியர்வை. தோலின் மீது படர்ந்த வியர்வை ஆவியாகும்போது வெப்பத்தைத் தன்னுடன் எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் நீங்கும்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. உடலைக் குளிர்விப்பது வியர்வை வழிவது அன்று, அது ஆவியாவதே. வறண்ட காற்றில் வியர்வை விரைந்து உலர்கிறது. திருவல்லிக்கேணி, திருக்கடல்மல்லை, திருநாகை போன்ற கடலோரத் தலங்களில் காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருப்பதால், வியர்வை உலராமல் சொட்டுச் சொட்டாக வழிந்து வீணாகிறது. உடல் குளிர்வதில்லை, குளிராத உடல் மேலும் வியர்க்கிறது. தேரைச் சூழ்ந்த நெரிசலில் காற்றோட்டமும் இல்லாதபோது இத்துன்பம் இரட்டிக்கிறது. ஆகவே வெயில் சற்றுக் குறைந்து மேகம் மூடிய புழுக்க நாளிலும் நீரிழப்பு மிகுதியாக இருக்கும் என்பதை மறத்தலாகாது.

கடும் உழைப்பில் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கக் கூடும். ஒவ்வொரு லிட்டர் வியர்வையோடும் சில கிராம் உப்பு வெளியேறுகிறது. அவ்வளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆடையில் வெண்ணிற உப்புத் திட்டுகள் படியுமாயின், அவர் மிகுதியாக உப்பை இழப்பவர் என்று கொள்ளலாம். வெப்பத்தில் பழகாத உடல் கூடுதலாக உப்பை இழக்கிறது. பழகுவதற்கு ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். ஆண்டு முழுதும் நிழலில் அமர்ந்து அலுவல் பார்த்துவிட்டு, திருத்தேரன்று மட்டும் வடம் பிடிக்க வரும் அன்பரே எளிதில் பிடிப்புக்கு ஆளாவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

சுரங்கத்தில் கற்ற பாடம்

இவ்வுண்மை தொழிலாளரின் துன்பத்திலிருந்தே தெளிவாயிற்று. இங்கிலாந்தின் ஆழ்ந்த நிலக்கரிச் சுரங்கங்களில் வெப்பத்தில் உழைத்தவர்களுக்கு நேர்ந்த கடும் தசைப்பிடிப்பை ஆராய்ந்து, மாஸ் என்பவர் 1923-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மிகுதியாக வியர்த்து, அதனை ஈடுசெய்ய வெறுந்தண்ணீரையே ஏராளமாகக் குடித்தவர்களைப் பிடிப்பு வாட்டியது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். குடிநீரில் சிறிது உப்பைக் கலந்து பருகுவது அவர்களுக்குப் பயன் தந்தது. 1930-களில் அமெரிக்காவின் பாலைவெயிலில் ஹூவர் அணையைக் கட்டிய தொழிலாளரிடம் நிகழ்ந்த ஆராய்ச்சியும் உப்பிழப்பையே சுட்டியது.

தசையின் களைப்பும், அதனை இயக்கும் நரம்புகளின் கிளர்ச்சியும் பிடிப்புக்குக் காரணமாகும் என்று பிற்கால ஆய்வாளர் கூறுகின்றனர். இதனால் முன்னைய கருத்து பொய்யாகிவிடவில்லை. நீரும் உப்பும் பருகுவதோடு இடையிடையே ஓய்வும் வேண்டும் என்பதே நாம் கொள்ள வேண்டிய பொருள்.

வெறுந்தண்ணீரை அளவு மீறிக் குடிப்பதில் மற்றோர் அபாயமும் உண்டு. இரத்தத்தில் உள்ள சோடியம் என்னும் உப்புச்சத்து நீர்த்துப்போய், தலைவலி, குமட்டல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டு செல்லும். ஆதலின் மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மிகாமல் பருகுதல் நன்று.

நீர்மோரும் பானகமும்

ஸ்ரீராமநவமியன்று நீர்மோர், பானகம், வடைப்பருப்பு ஆகியவற்றை எம்பெருமானுக்கு அமுது செய்வித்து அடியார்க்கு வழங்கும் வழக்கம் நாம் அனைவரும் அறிந்ததே. கோடை தொடங்கும் வேளையில் வரும் இவ்வழக்கம் உடலுக்கும் உகந்ததாக அமைந்துள்ளது.

நீர்மோரில் நீரும் உப்பும் உள்ளன. பானகத்தில் வெல்லத்தின் இனிப்பும், சுக்கு ஏலம் இவற்றின் மணமும் உள்ளன. இனிப்பும் உப்பும் ஒருங்கே சென்றால் என்ன நிகழும் என்பதை 1960-இல் இராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் விளக்கினார். சிறுகுடலில் குளுகோஸும் சோடியமும் கைகோத்து உட்செல்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் உறிஞ்சப்படுகிறது. இந்த அடிப்படையில் அமைந்த உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொண்டுதான், 1971-இல் வங்க அகதிகள் முகாமில் வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்த எண்ணற்றோரை டாக்டர் திலீப் மஹலநாபிஸ் காப்பாற்றினார்.

இதனால் நாம் கொள்ளத்தக்கவை சில:

நீர்மோரில் லிட்டருக்கு மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு இருக்கட்டும். பானகத்திலும் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தல் தகும். இளநீரில் பொட்டாசியச் சத்து மிகுதி, சோடியம் குறைவு. எனவே நன்கு வியர்த்தவர் இளநீரோடு உப்புள்ள வேறொன்றையும் உட்கொள்ள வேண்டும். உப்பிட்ட நீராகாரம் விடியற்காலையில் புறப்படுவோர்க்கு ஏற்றது. இவை எதுவும் கிட்டாவிடில், கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துப் பருகலாம். உப்பு மாத்திரைகளை வெறுமனே விழுங்குதல் கூடாது. அது வயிற்றைப் புண்படுத்தும்.

எப்போது, எவ்வளவு?

தாகம் பிந்தி வரும் தூதன். அவன் வந்து சொல்லும்போது இழப்பு முன்னரே நேர்ந்துவிட்டிருக்கும். புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே இரண்டு டம்ளர் நீர் அருந்துக. உழைக்கும் வேளையில் பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு டம்ளர் போதும். ஒரே மூச்சில் ஒரு செம்பைக் காலி செய்வதைவிட இதுவே சிறந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வியர்த்தால், வெறுந்தண்ணீரோடு மாற்றி மாற்றி நீர்மோரும் பருகுக. சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் நலம். அடர் மஞ்சளாகிக் குறைந்தால் நீர் போதவில்லை என்று அறிக.

விரதம் பூண்டு நீரும் அருந்தாதிருப்போர், அன்று சுமை தாங்கும் கைங்கர்யத்தை வேறொருவரிடம் ஒப்படைப்பதே முறை. இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் உப்பின் அளவையும், நீரிழிவு உள்ளவர்கள் பானகத்தின் அளவையும் தம் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். நிழலில் அமர்ந்து சேவிப்போர்க்கு அன்றாட உணவின் உப்பே போதுமானது.

பிடிப்பு நேர்ந்தால்

உடனே பணியை நிறுத்தி நிழலுக்குச் செல்க. கெண்டைக்காலில் பிடித்தால் காலை நீட்டி அமர்ந்து, விரல்களை முழங்காலை நோக்கி மெல்ல மடக்கிப் பிடிக்க. முரட்டுத்தனமாக இழுத்தல் ஆகாது. இறுக்கம் தளர்ந்தபின் தசையை மெதுவாக நீவி விடுக. உப்பிட்ட மோரோ கரைசலோ சிறிது சிறிதாகப் பருகுக. வலி நின்றவுடன் மறுபடி தோள் கொடுக்க விரைதல் தவறு. சில மணி நேரமேனும் ஓய்வு வேண்டும். ஒரு மணி நேரத்தில் வலி அடங்காவிடில் மருத்துவரை நாடுக.

தசைப்பிடிப்பு ஓர் எச்சரிக்கை. அதனைப் பொருட்படுத்தாது மேலும் உழைத்தால் மயக்கமும் சோர்வும் தொடரும். இறுதியில் வெப்பத்தாக்கு நேரும். உடல் வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்ட, பேச்சுத் தடுமாறி, நினைவு கலங்கினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. அவ்வேளையில் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திராமல், உடலெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிற வேண்டும். நினைவு தவறியவர் வாயில் எதையும் புகட்டலாகாது.

தண்ணீர்ப்பந்தல் நடத்துவோர்க்கு

திருவீதிகளில் தண்ணீர்ப்பந்தல் அமைத்துத் தொண்டாற்றும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தூய நீரோடு உப்பிட்ட நீர்மோரையும் குறைவின்றி வைத்திருங்கள். வடம் பிடிப்போரும் ஸ்ரீபாதந்தாங்கிகளும் தம் கைங்கர்யத்தின் உவகையில் தாகத்தை மறந்திருப்பர். பந்தலை நாடி அவர்கள் வர இயலாது. புறப்பாடு நிற்கும் ஒவ்வொரு மண்டகப்படியிலும் நீங்களே அவர்களிடம் சென்று, கேளாமலே ஒரு டம்ளர் கொடுங்கள். அடியார்தம் தாகம் தீர்த்தல் எம்பெருமான் திருவுள்ளம் உகக்கும் கைங்கர்யம் அன்றோ! உத்ஸவம் முடியும் வரை ஒருவரும் துவளாது, அனைவரும் நலமுடன் சேவித்து இல்லம் திரும்ப எம்பெருமான் அருள்புரிவானாக.