பட்டத்துக்கு இணையாக ஒரு பட்டம்

கேள்வி: பல்கலைக்கழகங்கள் இருக்கும்போது மாநில உயர்கல்வி மன்றம் என்று தனியாக ஒன்று எதற்கு?

பதில்: பல்கலைக்கழகங்கள் பல என்பதாலேயே அது தேவைப்படுகிறது. 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை இப்படியோர் ஒருங்கிணைப்பு அமைப்பைப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு 1992இல் சட்டம் இயற்றி மன்றத்தை அமைத்தது. அதன் பயன் பட்டங்களின் இணைத்தன்மையில் தெரியும். கல்லூரிகள் புதுப்புதுப் பெயர்களில் பட்டப்படிப்புகளைத் தொடங்குகின்றன. அப்படியொன்றைப் படித்தவர் அரசுத் தேர்வில் வென்று சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனால், அறிவிக்கையில் உள்ள பட்டத்துக்கு அவருடைய பட்டம் இணை என்ற அரசாணையைக் கேட்கிறார்கள். அது இல்லாவிட்டால் எடுத்த மதிப்பெண் உதவாது. எந்தப் பட்டம் எதற்கு இணை என்பதைப் பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் பரிந்துரைப்பது மன்றம்தான். தானே உருவாக்கிய பட்டத்துக்குத் தானே இணைச்சான்று தரும் உரிமையை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கொடுக்க முடியாது.

மன்றத்தால் பல்கலைக்கழகங்களின் தன்னாட்சி பறிபோகிறது என்ற அச்சம் பொய்யல்ல. 2023இல் மன்றம் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்தில் 75 சதவீதம் எல்லோருக்கும் பொது என்றதும் ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே கருதுகிறேன். பாடத்தை நுணுக்கம் வரை எழுதிக்கொடுத்தால் நல்ல துறைக்குத் தன் பாடத்தைப் புதுப்பிக்க இடமிருக்காது. ஆனால் அது அதிகாரத்தின் அளவைப் பற்றிய சண்டை. மன்றமே வேண்டாம் என்பதற்கான வாதமாகாது. குறைந்தபட்சத் தரத்தை அது வகுக்கட்டும், மேலே கட்டுவதைத் துறைகளிடம் விடட்டும். இணைத்தன்மைக் கோரிக்கைகளையோ தேர்வு அறிவிக்கை வருவதற்கு முன்பே முடித்துத் தர வேண்டும்.